கோமதி மேடத்தின் இடது கை

போன வியாழக்கிழமை காலை, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது கோமதி மேடத்தின் மகன் பிரபுவிடமிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றான். "எங்கப்பா?" என்று கேட்டுவிட்டேன். அறுபத்தாறு வயதில் கேட்கிற கேள்வியா இது? என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. "ஆஸ்பத்திரியிலதான் ஆன்ட்டி, விடியக்காலைல" என்றான். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

தாம்பரம் அலுவலகத்தில் கோமதி மேடத்தோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அந்த வெள்ளை அம்பாசிடரைத் தெரியும். அந்தக் காலத்து வண்டி. கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கியர். முன்சீட்டு முழுக்க ஒரே பெஞ்சு. மேடத்தின் சேலையூர் வீட்டிலிருந்து ஆபீசுக்கு மூன்று பேர் முன்னால், நான்கு பேர் பின்னால் என்று எத்தனை வருடம் ஓசியில் போயிருக்கிறோம்!

ஒருமுறை நாவலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. வண்டியை நிறுத்திக் கொடுக்கும் ஆள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். தரையைத் தடவினார், சீட்டுக்கு அடியில் தடவினார். இறங்கி வந்து, "இன்னாம்மா இது, வண்டில கியரே காணோம்?" என்றார். மேடம் சிரிக்கவே இல்லை. "கியர் இருக்குப்பா. நீ தேடற எடத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஏறி நிறுத்திவிட்டு வந்தார். அந்தக் கர்வத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்று நான்கு வருடம் கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. தலை வாருவதற்கே ஆள் வேண்டும், கியர் எப்படிப் போடுவது? வண்டி மூன்று மாதம் உறை போட்டு நின்றது. ஒருநாள் போன் செய்தார். "உஷா, சும்மாதானே இருக்க? வா. ஒரு கை கொறையுது."

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேராக ஒரு வண்டியை ஓட்ட ஆரம்பித்தோம். அவர் கிளட்சை மிதித்து, "ரெண்டு" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கியர் போடுவேன். முதல் நாள் "ஒண்ணு" என்றார், நான் ரிவர்ஸ் போட்டேன். எதிர்வீட்டு ரோஜாத் தொட்டி காலி. "வண்டி ஓட்டறது கை இல்லடி, காது" என்று திட்டினார். போகப் போக அவர் எண்ணே சொல்ல வேண்டியிருக்கவில்லை, எஞ்சின் சத்தமே எனக்குச் சொல்லிவிடும். கேளம்பாக்கம் வரை போய் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். "நீதான் என் எடது கை" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்குப் பெருமை பிடிபடாது. சட்டப்படி இது சரியா என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு மாலை கேம்ப் ரோட்டில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மேடம் வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். ஒடித்த ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் வந்த ஸ்கூட்டர் சாய்ந்தது. ஓட்டிவந்த பெண் எழுந்து நின்று, "கண்ணு தெரில உனக்கு? பின்னாடி புள்ள கீது, பாக்கல?" என்று கத்தினாள். குழந்தைக்கு முழங்கால் சிராய்ப்பு, அவ்வளவுதான். கூட்டம் கலைந்ததும் மேடம், "ஒண்ணும் ஆகல. ஒண்ணு போடு, போலாம்" என்றார். போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிரபுவுக்குப் போன் செய்தேன். "வண்டிய வித்துடுப்பா. அடுத்த தடவ யாராவது செத்துப்போவாங்க. நான் சொன்னேன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லாத" என்றேன். அந்த வாரமே வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் மேடம் மகன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. "பெத்த புள்ள என் கால ஒடச்சு வீட்ல போட்டுட்டான்" என்று சங்கக் கூட்டத்தில் அவர் அழுதது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் அவனைக் கரித்துக்கொட்டினீர்கள். நானும் கூடவே தலையாட்டினேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் மேடம் என்னிடம் கேட்டார். "அவன் விக்கப்போறான்னு தெரிஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா உஷா?"

"விட்டிருக்க மாட்டேன் மேடம்."

"தெரியும். நீ ஒருத்திதான் எனக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரபு வாசலில் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. "ஆன்ட்டி, காபி வாங்கிட்டு வரட்டுமா?" என்று மட்டும் கேட்டான். நான் வாங்கிக் குடிக்கவும் குடித்தேன்.

காரியத்துக்கு வருகிறவர்கள் அவனை ஒன்றும் சொல்லாதீர்கள். சொல்வதானால் என்னைச் சொல்லுங்கள். மேடம் சாகும்வரை என்மேல் வைத்திருந்த நம்பிக்கை முழுசாக என்னிடம்தான் இருக்கிறது. அது பிரபுவுக்குச் சேர வேண்டியது.