கைதட்டலுக்கு முன்னால் வந்த ‘ஷ்’

“அசலே சரியில்ல!”

யாவ் அக்கா இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். கேன்டீனில் மீன் உருண்டை சூப் வாயில் வைக்க முடியாமல் இருந்தால், “சமையல்காரம்மா என்ன செய்வாங்க, மீன் செத்து நாலு நாளாச்சு. அசலே சரியில்ல.” மேலாளர் யார்மீதாவது எரிந்து விழுந்தால், “அவங்க அப்பாவையும் எனக்குத் தெரியும். அசலே சரியில்ல.” எங்கள் சின்ச்சு நகரத்தில் அக்டோபர் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கும்போது, காற்றைப் பார்த்தும் அதையேதான் சொல்வார். கடைசியில் குரலைக் கொஞ்சம் மூக்குக்குள் ஏற்றி, சட்டென்று உதட்டை மூடிக்கொள்வார். நான் அதை அச்சு அசலாகச் செய்து காட்டுவேன். என் மேஜையில் இடம் பிடிக்க அடிதடியே நடக்கும்.

ஒருநாள் அவர் என் பின்னாலேயே நின்று கேட்டுவிட்டார்.

“குட்டி ஜியென், எல்லாம் சரி. ஆனா ‘அசலே’க்கு அப்புறம் நான் ஒரு மூச்சு விடுவேன். நீ விடல.”

அவ்வளவுதான் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு போய், சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும் நாற்காலியில் தனியாக உட்கார்ந்தார். அவர் சாப்பிடுவது எப்போதும் அங்கேதான். மற்றவர்கள் மெல்லும் சத்தம் அவருக்கு ஆகாது.

முழுப்பெயர் யாவ் பெய்-ரூ. வயது நாற்பத்தெட்டு. எங்கள் நிறுவனம் ஒலியைச் சுருக்கும் மென்பொருள் செய்கிறது. ஃபோனில் வரும் பாட்டு, பாடினபடியே முழுசாக வருவதில்லை. காதுக்கு எப்படியும் தெரியாது என்று கணக்குப் போட்டு முக்கால்வாசியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத்தான் அனுப்புகிறோம். எறிந்தது நிஜமாகவே யாருக்கும் தெரியவில்லையா என்று பார்க்கப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. யாவ் அக்கா அதில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவர். மற்ற பதினோரு பேருக்கும் பிடிபடாதது அவருக்குப் பிடிபடும்.

அந்தக் காதை அவரால் வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைக்க முடியவில்லை. பாட்டுப் போட்டால் எது போயிற்று என்றுதான் தேடும். டிவியைச் சத்தமில்லாமல், கீழே ஓடும் எழுத்தைப் படித்தே பார்ப்பார். ஃபோனில் பேச மாட்டார், எதுவானாலும் எழுதித்தான் அனுப்ப வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் இருந்தாராம். “அந்த ஆள் ஃபோன்ல மட்டும் நல்லா இருந்தார்,” என்பார். அதற்குமேல் அந்தக் கதையில் ஒரு வரி கிடைக்காது.

மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். எல்லோரும் மேஜைமேல் தலையணை போட்டுக் கவிழ்ந்து ஒரு மணிநேரம் தூங்குவோம். யாவ் அக்கா மட்டும் தன் நீலத் தலையணையோடு சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு சாண் தடிமனுள்ள கதவு. உள்ளே வெளிச்சத்தம் ஒரு துளி வராது. நானெல்லாம் இரண்டு நிமிடத்தில் வெளியே ஓடி வந்துவிடுவேன்.

“உள்ள பயமா இல்லையாக்கா?”

“என் ரத்தம் ஓடறது கேக்கும். துணைக்கு அது போதும்.”

அந்த அறையின் ஒலிபெருக்கிமேல் பச்சைத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். அது இருந்தால்தான் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது ஊரறிந்த விஷயம். பச்சை நிறமாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. தேதி பார்த்து மாற்றி வைப்பது யாவ் அக்காதான். யாரும் அவரிடம் அந்த வேலையைக் கொடுத்ததில்லை.

குழுவுக்கு ஒரு சட்டம் இருந்தது. திரையில் ஆறு பொத்தான். ஐந்தில் சுருக்கிய ஒலி. ஒன்றில் மட்டும் சுருக்காத அசல், பெயர் போடாமல் ஒளிந்திருக்கும். அந்த அசலுக்குத் தொண்ணூறுக்குக் கீழே மதிப்பெண் போட்டால் அந்த ஆளின் காது சரியில்லை என்று பொருள். போட்டதெல்லாம் குப்பைக்குப் போகும். இரண்டு தடவை அப்படி ஆனால் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். யாவ் அக்காவுக்கு வசந்தத்தில் சளி பிடித்திருந்தபோது ஒரு தடவை ஆகிவிட்டது. அன்றிலிருந்து குளிர்பானம் தொடவில்லை, காதில் பஞ்சு வைக்காமல் ஸ்கூட்டர் ஏறவில்லை. அந்த அறையை விட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை என்பது எனக்குக்கூடத் தெரியும்.

அக்டோபர் சோதனைக்கு ஒரு கைதட்டல் தேவைப்பட்டது. ஒலிப்பதிவு என் வேலை; யாவ் அக்காவையே அறைக்குள் நிற்க வைத்துப் பதிவு செய்தேன். மூன்று தட்டு தட்டினார். முடித்ததும் உள்ளங்கையைப் பார்த்து, “அசலே சரியில்ல,” என்றார். விடுவேனா? கைதட்டலோடு சேர்த்து அதை அப்படியே வெட்டி, பின்னால் என் குரலில் நாலு கிண்டல் சேர்த்து, தோழிகளின் அரட்டைக் குழுவுக்கு அனுப்பினேன். சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன.

பத்து நாள் கழித்து எங்கள் குழுத்தலைவர் பெங் கைதட்டல் கோப்பைக் கேட்டார். தேடினேன். பதிவு செய்த மெமரி அட்டையை அழித்து அதில் மழைச் சத்தம் பிடித்திருந்தேன். மிச்சமிருந்தது அரட்டைக் குழுவில் கிடந்த நகல் மட்டும். அதை இறக்கி, கைதட்டலை மட்டும் வெட்டி, பெரிய கோப்பாக மாற்றி, ‘அசல்’ என்று பெயர் போட்டுக் கொடுத்தேன். கோப்பின் அளவு பெரிதாகத்தான் இருந்தது. அரட்டைச் செயலி அனுப்பும்போதே பிழிந்து எறிந்தது மட்டும் திரும்பி வராது. இந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

சோதனை முடிந்து பெங் தாளைப் புரட்டினார். பதினோரு பேர் அசலுக்குத் தொண்ணூற்றைந்துக்குமேல். யாவ் அக்கா ஐம்பத்தைந்து.

“அக்கா, ஒளிஞ்சிருந்த அசலுக்குப் போய் அம்பத்தஞ்சு போட்டிருக்கீங்க.”

“அசலே சரியில்ல, பெங் தம்பி.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எப்போதும் நான்தான் முதலில் சிரிப்பேன்.

“அக்கா, விளையாடாதீங்க. இது ரெண்டாவது தடவ.”

“கை படறதுக்கு முன்னாலயே ‘ஷ்’னு ஒண்ணு வருது, சுருக்கின ஒலியில வர்ற தூசு மாதிரி. தூசு முன்னால வந்து கை பின்னால வருமா? தட்டினது நான். என் கை அப்படித் தட்டாது.”

“மத்த பதினோரு பேருக்குக் கேக்கலையே?”

“அதுக்குத்தான என்னை வெச்சிருக்கீங்க?”

பெங் கெட்டவரில்லை. கோப்பைத் திறந்து அளவைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, “அசல்தானே கொடுத்தே?” என்றார்.

“ஆமா,” என்றேன்.

யாவ் அக்கா என்னைப் பார்த்தார். பெங் பட்டியலில் அவர் பெயரை அடித்ததும், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் காற்று அவர் குடையைத் திருப்பிப் போட்டது. காற்றைப் பார்த்துக்கூட அன்று ‘அசலே சரியில்ல’ என்று சொல்லவில்லை.

கேன்டீனில் “யாவ் அக்கா மாதிரி பேசு, பேசு” என்று நச்சரித்தார்கள். வாயைத் திறந்தால் ‘அசலே’க்கு அப்புறம் அந்த மூச்சு வந்து நின்றது. அதற்குமேல் வரவில்லை. சுவரைப் பார்த்த நாற்காலியில் யாரோ பையை வைக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் சோதனை அறைக்குள் போனேன். பச்சைப் பொட்டலம் தேதி தாண்டி இரண்டு நாள் ஆகியிருந்தது.

நேரே பெங்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“மூணு வாரமா வாய மூடிட்டு இருந்தியா?”

“ஆமா.”

“சோதனையைத் திரும்ப நடத்தணும். அவங்க பேரை நான் சேத்துடறேன். நீ போய்க் கூப்பிடு, நேர்ல போ. ஒண்ணு சொல்லு, அடுத்த தடவ அசல் எப்படி இருந்தாலும் நூறு போட்டுட்டு, குறைய ஓரத்துல எழுதச் சொல்லு. சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, அவங்களுக்கும் வம்பில்ல.”

சனிக்கிழமை மதியம் போனேன். பன்னிரண்டாம் மாடி. டிவியில் யாரோ சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தும் காற்று விசில் அடித்தது. மேஜையில் ஒரே ஒரு கோப்பை இருந்தது. எனக்குத் தேநீர் ஊற்ற அலமாரியின் பின்னாலிருந்து இன்னொன்றைத் தேடி எடுத்து, தூசு போகக் கழுவ வேண்டியிருந்தது.

நான் சொன்னேன். அரட்டைக் குழு, மழைச் சத்தம், ‘ஆமா’ என்று சொன்னது, மூன்று வாரம், பெங் சொன்ன நூறு. வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை. யார் குரலையும் போட்டுக் காட்டவில்லை. அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, சோதனை அறையில் கேட்பதுபோலவே கடைசி வரை கேட்டார். பிறகு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“குட்டி ஜியென், இன்னிக்குத்தான் உன் சொந்தக் குரல்ல பேசற, நல்லாத்தான் இருக்கு, யாருக்கும் அனுப்பித் தொலைச்சிடாத. திங்கக்கிழமை வரேன்னு பெங் தம்பிகிட்ட சொல்லு, வரும்போது பச்சைப் பொட்டலமும் வாங்கிட்டு வரேன்னு சொல்லு. நூறு போடுவேன்னு மட்டும் சொல்லிடாத.”