பேச்சு நின்றால் விசில்

“வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? பேசுங்கடி!”

கல்லூரி மைதானத்தின் தூரத்து வளைவில் ஓடிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகிறார்கள். ஒருத்தி பாதி பார்த்த படத்தின் கதையைச் சொல்கிறாள். இன்னொருத்தி தன் அண்ணி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நடந்த அநியாயங்களை வரிசைப்படுத்துகிறாள். பின்னாலேயே சைக்கிளில் வருகிற பயிற்சியாளர் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறார். வம்பில் ஆசை இல்லாமலில்லை. ஆனால் அவர் கேட்பது மூச்சை. பேச்சு நின்றால் விசில் ஊதுவார். விசில் கேட்டால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

“ஓடிக்கிட்டே ஊர்க்கதை பேச முடியுதா? அதுதான் உன் வேகம். அதுக்கு மேல போனா அது வேகம் இல்ல, வீம்பு.”

‘மெதுவா, மெதுவா’ என்று தொண்டை வறளக் கத்தும் ஓட்டப் பயிற்சியாளரை, அவரைப் பற்றி எழுத வந்த நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாணவிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் மேடம். அவருக்குத் தெரியாது என்று நம்புகிறார்கள். தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவருடைய சைக்கிளில் பிரேக் பிடிக்காது என்பது தனிக் கதை. செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார்.

ஊருக்கெல்லாம் நிதானத்தை விநியோகிக்கிறவர், சொந்த உபயோகத்துக்குத் துளிகூட வைத்துக்கொள்ளவில்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிறார். நான் கேள்வியைப் பாதி கேட்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் வேறேதோ கேள்விக்கு. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் என்னிடம் முறையிட்டார்: “பிள்ளைங்களுக்காக வருஷக்கணக்கா பொறுமையா இருப்பா சார். நான் சட்டை பட்டன் போடுற வரைக்கும் இருக்க மாட்டா. கீழ நின்னு சைக்கிள் பெல் அடிப்பா.”

“அடிச்சும் என்னிக்காவது வந்திருக்கீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிரேக் மேடம் பொறுப்பேற்றபோது இந்த அணி காகிதத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. “டீம்னு சொன்னாங்க. போய்ப் பார்த்தா நாலே பேரு. அதுல ஒருத்திக்குக் கால்ல கட்டு.” விளையாட்டு அறையில் கல்லூரியின் உடைந்த நாற்காலிகள் குடியிருந்தன. முந்தைய பயிற்சியாளர் வாந்தி எடுக்கும்வரை ஓடவிடுவாராம். எடுத்தவள் நன்றாக ஓடினாள் என்று பொருள். பந்தயம் என்றால் எல்லாரும் பட்டாசு மாதிரி கிளம்புவார்கள், பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள்.

ஆள் சேர்க்க அவர் மைதானத்துக்குப் போகவில்லை, அறிவியல் கட்டடத்துக்குப் போனார். அங்கே லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். அந்த நாட்களில் கடைசி மாடிப் படியின் உச்சியில் போய் நின்றுகொள்வார். ஏறி வந்த பிறகும் யாருக்கு வாய் ஓயவில்லையோ அவளை மடக்கிவிடுவார். வேதியியல் படிக்கும் ஒரு பெண், தன் அக்காவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே படியேறி வந்தாள். உச்சிக்கு வந்தும் குரல் ஒரு சுருதிகூட இறங்கவில்லை.

“நீ ஓடுவியாம்மா?”

“எதுக்கு மேடம்? யாரு துரத்துறா?”

அவள்தான் இன்று அணியின் ஐந்தாவது ஆள்.

ஐந்தாவது ஆளுக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்த நெடுந்தூர ஓட்டத்தில் முதலில் வருகிறவளால் மட்டும் அணி ஜெயித்துவிடாது. ஒவ்வொரு கல்லூரியிலும் முதலில் வரும் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ, அந்த எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறையக் குறைய அணி மேலே போகும். நால்வர் பறந்து வந்தாலும் ஐந்தாவது ஆள் தவழ்ந்து வந்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

இந்த ஆண்டு கவிழ முடியாது. கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா டீம் இருக்கும். இல்லன்னா கலைச்சிட்டு மைதானத்தைக் கார் நிறுத்தக் கொடுத்திடலாம்னு இருக்கோம்.”

“கார் சும்மா நிக்கத்தானே போகுது சார், அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மைதானம்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வந்துவிட்டார்.

போட்டி சென்ற சனிக்கிழமை நடந்தது. முந்தின இரவு மழை. பாதை முழுக்கச் சேறு. துப்பாக்கி வெடித்ததும் மற்ற கல்லூரிகள் சீறின. நம் பெண்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பியவர்களைப் போலப் போனார்கள். பக்கத்தில் நின்ற வேறொரு பயிற்சியாளர், “உங்க பொண்ணுங்களுக்குத் தூக்கம் கலையலையா?” என்றார். “கலையும், கலையும். அப்ப உங்க பொண்ணுங்க தூங்குவாங்க,” என்றார் நம்மவர். நகத்தைக் கடித்துக்கொண்டேதான் சொன்னார்.

கடைசி மேட்டுக்கு வந்தபோது சீறியவர்களுக்கு மூச்சு இரைத்தது. நம் நால்வரும் ஒவ்வொருத்தியாக அவர்களைத் தாண்டி மேலே போனார்கள். நான் என்னை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். அவர் தட்டவில்லை. அவர் கண் கீழே, ஐந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் வந்தாள். வாய் ஓயாமல் வந்தாள்! தாண்டுகிற ஒவ்வொருத்தியிடமும், “என்னக்கா, சரியான சேறுல்ல?” என்று குசலம் விசாரித்துக்கொண்டே வந்தாள். ஒருத்தி மரியாதைக்குப் பதில் சொல்லப்போய், இருந்த மூச்சையும் விட்டு நின்றேவிட்டாள். இன்னொருத்தி முறைத்தாள், அவளையும் தாண்டியாயிற்று. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இன்னும் மூன்று பேர். எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது.

பயிற்சியாளர் கயிற்றைத் தாண்டிச் சேற்றில் குதித்தார்.

“இப்ப வாய மூடுடி! ஓடு! ஓடு! ஓடு!”

கல்லூரி மைதானத்தில் யாரும் அவரிடம் கேட்டிராத குரல் அது. அந்தப் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஓடினாள் பாருங்கள்! ஒருத்தி பின்னால் போனாள், அடுத்தவள் போனாள், கோட்டின்மேலேயே மூன்றாமவளும் போனாள்.

கூட்டல் போட நேரமாயிற்று. அவள் புல்லில் மல்லாந்து கிடந்தாள். “மேடம், ஷூ இறுக்குது, குனிய முடியல,” என்றாள். பயிற்சியாளர் அவள் காலடியில் மண்டியிட்டு, காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கி முதலிடம் சொன்னது. இரண்டாமிடம் சொன்னது. கொரகொரவென்று இருமிவிட்டு மூன்றாவதாக நம் கல்லூரியின் பெயரைச் சொன்னது. நால்வரும் கூச்சலிட்டு ஓடிவந்து அவர் முதுகில் விழுந்தார்கள். முதல்வர்கூடக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். பயிற்சியாளர் நிமிரவில்லை. நனைந்த முடிச்சில் விரல்கள் வழுக்கின. சட்டென்று குனிந்து, சேற்றோடு அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.