அப்பா வண்டிக்கு நாலு குழாய்

கார்களுக்குப் புகைக்குழாய் வளைத்துப் பற்றவைப்பது அவன் தொழில். குழாயின் வளைவுக்குப் பட்டறைப் பேச்சில் 'பெண்டு'; அதனால் பட்டறைத் தெருவில் அவன் பெயரும் 'பெண்டு'. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று பக்கத்துக் கடைக்காரரே திருப்பி அனுப்பிவிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன் அப்பா செத்தபோது பெண்டு அழவில்லை. "கல்லுளிமங்கன், ஒரு சொட்டு விட்டானா பாரு" என்று அத்தை அவன் காதுபடவே சொன்னாள். கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் பட்டறையைத் திறந்துவிட்டான்.

அம்மாவுக்கு ஏற்கெனவே ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. கணவர் போனது அவள் மனதில் நிற்கவே இல்லை. "அவர் வரட்டும்" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். கெஞ்சியும் மிரட்டியும் மருமகள் ஓய்ந்துபோனாள். ஒரு சாயங்காலம், பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வீட்டு வாசலில் நின்ற அப்பாவின் பழைய காரைப் பெண்டு கிளப்பினான். மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வந்துட்டாரு பாரு. தட்டை எடுத்து வை."

அன்றைக்குச் சாப்பிட்டாள். பிறகு தினமும் சாயங்காலம் காரைக் கிளப்புவதே அவனுக்கு வேலையாயிற்று. ஏமாற்றுவேலைதான். ஆனால் கிழவிக்கு வயிறு நிறைந்தது.

அப்படியிருக்கும்போது, எஞ்சினிலிருந்து புகையை வாங்கி வெளியே தள்ளும் வார்ப்பிரும்புத் துண்டில் விரிசல் விழுந்தது.

"பித்தளை வச்சு ஒட்டிடலாம்டா. நம்ம காலம் வரைக்கும் ஓடும்" என்றார் அவனுடைய கூட்டாளி மெக்கானிக்.

"ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் புதுக்குழாய் வளைச்சுக் குடுக்கறேன். எங்கப்பா வண்டிக்கு மட்டும் ஒட்டா?"

"சரி சாமி. சொன்னா கேக்கற ஆளா நீ!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழையதைக் கழற்றினான். பழைய இரும்புக்காரன் தெருவில் வர, அதைத் தூக்கிக் கொடுத்தான். அவன் அங்கேயே சம்மட்டியால் இரண்டு போடு போட்டு உடைத்து வண்டியில் எறிந்தான்.

நாலு சிலிண்டருக்கு நாலு குழாய். மூன்றாவது மட்டும் ஸ்டீயரிங் தண்டில் போய் இடித்தது. அறுத்து, திருப்பி, மறுபடி அறுத்து, விரல் நுழையும் இடைவெளி விட்டான். எஞ்சினிலேயே வைத்துப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்தான். பிறகு கழற்றி, சூட்டில் கோணாமல் இருக்கத் தடித்த தகட்டில் முடுக்கி, முழுதாகப் பற்றவைத்தான். கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தான். நினைத்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

சாயங்காலம் சாவியைத் திருப்பினான். கனத்த, பிசிறில்லாத சத்தம்.

"ராஜா மாதிரி இருக்குடா!" என்று மெக்கானிக் அவன் முதுகில் அறைந்தார்.

மாடியில் அம்மா மருமகளிடம் சொல்வது கேட்டது. "யாரோ வந்திருக்காங்க போல. உக்காரச் சொல்லு. அவர் வர்ற நேரந்தான்."

பெண்டு வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினான். ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தான், விட்டான், மிதித்தான். மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது.

இருபது வருஷமாகச் சத்தம் கேட்டுச் சத்தம் கேட்டுக் குழாய் வளைத்தவனுக்கு, இந்த வண்டியின் சத்தம் மாறும் என்று மட்டும் தோன்றவில்லை. தெரிந்தே தன் கையால் கெடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மேலே போனான். தட்டு தொடாமல் இருந்தது.

"சாப்பிடும்மா."

"அப்பா வரட்டும்டா. ஏன் இன்னிக்கு இவ்வளவு நேரம்?"

"இனிமே வரமாட்டாரும்மா" என்றான். அந்த வீட்டில் அதுவரை அவன் சொல்லாத வார்த்தை. சொன்ன பிறகு நிற்க முடியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, கரிக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான். அன்றைக்குத்தான் அவனுக்கு அப்பா செத்தார்.

அம்மா தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அழாதடா. வந்துடுவாரு. பசி தாங்கலேன்னா நீ முதல்ல சாப்பிடு."