பன்னிரண்டு பிழைகளும் ஒரு கேள்வியும்

2023 செப்டம்பர் நான்காம் தேதி, திங்கட்கிழமை, ஷெல்டன் கத்தாருக்குப் புறப்பட்டான். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஷுக்ரியின் போட்டோகொப்பிக் கடையில் தட்டச்சு வேலை பார்க்கும் றோசாலியை அவன் நேரில் பார்த்தது அன்றுதான். அதுவரை இருவருக்கும் பழக்கம் இணையக் குழுவில் மட்டும்.

ஊவாத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி அங்கே பிறந்தவர்களே எழுதும் குழு அது. எந்தக் கட்டுரையும் குழுவின் இணையதளத்தில் ஏறுமுன் வரைவாகக் குழுவுக்கு வரவேண்டும். இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்லவேண்டும். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த றோசாலி அங்கே கண்டிப்புக்குப் பேர்போனவள்.

"அக்கா, பெரட்டு பத்தி நேத்து ஒண்ணு போட்டேனே, பாத்தீங்களா?" பாஸ்போர்ட் நகலை மடித்தபடி கேட்டான் ஷெல்டன்.

"இல்ல தம்பி. இன்னைக்கே பாத்துர்றேன்."

"பூனாகலைத் தோட்டத்திலருந்து நான் ஒருத்தன்தான் எழுதுறேன். பாத்துப் போடுங்க." சிரித்துக்கொண்டே கொழும்பு பஸ்ஸில் ஏறினான்.

பஸ் போனதும் படித்தாள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டைப் பற்றிய வரைவு. முதல் வரியிலேயே தப்புப் பறையின் சத்தம், அடுத்ததில் கங்காணியின் பிரம்பு. தப்படித்து ஆள் கூப்பிடுவது நின்றுபோய் எத்தனை காலம்! சொந்தத் தோட்டத்தை எழுத உட்கார்ந்தவன், யாரோ எழுதிவைத்த பழைய தோட்டத்தையே திரும்ப எழுதியிருந்தான். மதியச் சோற்றுக்கு முன்பே பன்னிரண்டு பிழைகளை எண் போட்டு, முந்நூறு பேர் பார்க்கும் குழுவிலேயே எழுதினாள். கடைசி வரி: 'இது உங்கள் தோட்டமே இல்லை.'

விமான நிலையத்திலிருந்து 'நன்றி அக்கா' என்று பதில் வந்தது. சற்று நேரத்தில் வரைவைக் காணோம்.

பன்னிரண்டும் உண்மையான பிழைகள்தான். ஆனாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே விண்ணப்பத்தை இரண்டு தடவை அடித்தாள். யாருடைய அடையாள அட்டையையோ முன்பக்கம் மட்டும் நகலெடுத்துக் கொடுத்தனுப்பினாள்.

"என்ன தங்கச்சி, போனுக்குள்ளயே குடி போற எண்ணமா?" என்றார் ஷுக்ரி.

"ஒரு புள்ளய எழுதவிடாமப் பண்ணிட்டேன்."

"பிழையச் சொல்லத்தானே குழு?"

"ஏறிப்போற நேரத்திலயா? அதுவும் ஊரே பாக்கவா?"

நாலு தடவை எழுதி அழித்து, ஐந்தாவதாக அவனுக்குத் தனியாக ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள்: 'உங்க அம்மாவ இப்ப வேலைக்கு எப்படிக் கூப்பிடுறாங்க?'

படித்துவிட்டான். பதில் இல்லை.

அதன்பிறகு யாருடைய வரைவு வந்தாலும் முதலில் நன்றாயிருப்பதைச் சொன்னாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "றோசாலி அக்காவுக்குக் காய்ச்சலா?" என்று குழு கிண்டலடித்தது. தளத்தில் பூனாகலை என்ற பக்கம் மட்டும் வெறும் பெயரோடு கிடந்தது. தினமும் திறந்து பார்த்து மூடினாள்.

மறு வருஷம் ஆகஸ்டில், ஒரு மனுவை அடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. யாரோ அனுப்பிய குரல்பதிவை ஷெல்டன் அப்படியே அவளுக்கு அனுப்பியிருந்தான். ஒரு கரகரத்த குரல்: "இன்னைக்கு வேலை ஏழாம் நம்பர் மலைங்க. மழை வரும், நனையாமக் கட்டிக்கப் படங்கு எடுத்துக்கிட்டு வாங்க."

அதன்கீழே எழுத்து:

'கங்காணி வாட்ஸ்அப்ல சொல்றத எனக்கு அனுப்பிட்டுத்தான் எங்கம்மா மலைக்குப் போவாங்க. கத்தார்ல எந்திரிச்சதும் நான் முதல்ல கேக்குறது இதுதான். கட்டுரை இங்கருந்து ஆரம்பிக்குது, குழுவுல போட்டிருக்கேன். பிழை இருந்தா எல்லாருக்கும் தெரியவே சொல்லுங்க அக்கா.'