ஈர விறகுப் புகை

நான் பல வேலைகளைச் சொல்லாமலே விட்டுப் போனவன். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நின்றது ஒரு வேலையிலிருந்துதான்.

குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் நடக்கும் ஒரு சாப்பாட்டு ஓட்டல் அது. விறகு பிளப்பதும் அடுப்பெரிப்பதும் என் பாடு. மாவாட்ட சுரண்டைப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். புருஷன் கொழும்புக்குப் போனவன், திரும்பவில்லை. எட்டு மாதப் பிள்ளையை அடுக்களையிலேயே சேலைத் தொட்டிலில் போட்டிருப்பாள்.

அடுக்களைக்கு இருந்தது ஒரே சன்னல். புகை சாப்பிடுகிறவர்கள் பக்கம் போகிறதென்று முதலாளி அதைத் தகரம் வைத்து அடித்துவிட்டார். ஆடியில் விறகு எங்கே காயும்? அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி வாட்டித்தான் எரிப்போம். வாட்டுகிறதும் புகையும், எரிகிறதும் புகையும். எங்களுக்குப் பழகிவிட்டது. பிள்ளைக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

தகரத்தை எடுக்கச் சொல்லி அக்கா கேட்டாள்.

"புகை ஆகலைன்னா பிள்ளையப் பின்வாசல்ல போடுட்டி. ஊர்ப்பட்ட சனம் ரயிலேறி எதுக்கு வருது? இந்தச் சாரலே மருந்துல்லா," என்றார் முதலாளி.

எனக்கும் அது சரியென்றே பட்டது. சாரல் கெடுதல் என்று அந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானே தொட்டிலை அவிழ்த்துப் பின்வாசல் தாழ்வாரத்தில் கட்டினேன். மூன்று நாளும் சேலை நசநசவென்றே இருந்தது. நாலாம் நாள் பிள்ளைக்குப் பால் குடிக்க மூச்சுக் கூடவில்லை. இரண்டு மடக்கு குடிக்கும், விட்டுவிட்டு இளைக்கும்.

அக்கா ஆட்டுரலிலிருந்து கையை எடுத்தாள். மாவு பாதி அரைபட்டுக் கிடந்தது.

"நான் ஊருக்குப் போறேன். அங்கன வெயிலாவது அடிக்கும்."

"நடுச் சீசன்ல போனா அடுத்த வருசம் இந்தத் தெருவுல ஒருத்தன் சேக்க மாட்டான், பாத்துக்கோ."

"அடுத்த வருசம் இவன் நடப்பான்லா? கூட்டியாந்து உமக்கு ஒரு கும்பிடு போடச் சொல்லுதேன்."

நானும் கோடாலியைச் சுவரோரம் சாத்தினேன். "சன்னல அடைச்ச அன்னைக்கே போயிருக்கணும், முதலாளி."

"உனக்கு என்னலே வந்துச்சு? பிள்ளையா குட்டியா?"

"தொட்டில வெளிய கட்டுனது நாந்தான்."

தென்காசி வரை பிள்ளையை நானும் அவளுமாக மாற்றி மாற்றித் தூக்கி நடந்தோம். அங்கே வைத்தியர் நெஞ்சில் தடவ எண்ணெய் கொடுத்து, ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். சுரண்டைக்கு வைக்கோல் ஏற்றப் போன வெறும் வண்டி ஒன்று கிடைத்தது. ஊர் தாண்டியதும் வெயில் வந்தது. துணிகளையெல்லாம் வண்டியின் பக்கக் கம்புகளில் விரித்துக் காயப்போட்டேன்.

அக்கா திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, வண்டிய மெதுவா விடும்," என்றாள் பிறகு வண்டிக்காரரிடம். "குடிக்கான்."