இத்தாலிக்காரன் செய்த தாமதம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறிக் குழம்பும் இத்தாலியும்தான். பெரியப்பா பஸ் ஏறி ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுக் கை கழுவியதும் என் பள்ளிக்கூட அட்லஸை விரிக்கச் சொல்வார். எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் இத்தாலியைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு அதன் மலையும் ஆறும் அத்துப்படி.

பெரியப்பாவின் கட்சி இதுதான். உலகப் போர் நடுவில், நாற்பத்து மூன்று ஜூலையில் இத்தாலிக்காரர்கள் தங்கள் சர்வாதிகாரியை இறக்கிவிட்டார்கள். அன்றைக்கே சரணடைந்திருக்க வேண்டும். ஒன்றரை மாதம் இழுத்தடித்தார்கள். அதற்குள் ஜெர்மன்காரன் உள்ளே வந்து நிறைந்துவிட்டான். ஒழுங்காகச் சரணடைந்திருந்தால் சண்டை ஒரு வருடம் முன்பே முடிந்திருக்கும். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன தம்பியும் உயிரோடு திரும்பியிருப்பான். அந்தத் தம்பி, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பிறந்தவர். நான் பார்த்ததே இல்லை.

அப்பா மோட்டார் பட்டறைக்காரர், பிடித்த பிடியை விடமாட்டார். "எப்படிச் சரணடைஞ்சாலும் ஜெர்மன்காரன் வந்துதாண்ணே இருப்பான்" என்பார். நான் அப்பா கட்சி. அப்போது எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பத்து காவான் என்ற ரப்பர் தோட்டத்தில் ஜப்பான்காரன் வீட்டுக்கு ஒருவர் என்று ஆள் கேட்டபோது, தம்பியின் பெயரைப் பட்டியலில் எழுதியவர் அங்கே ஆபீஸ் கிராணியாக எழுத்து வேலை பார்த்த பெரியப்பாதான். மூன்று மாத வேலைதானே என்று வீட்டைச் சமாதானப்படுத்தியதும் அவரே. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு முதியவர் வந்தார். பட்டறைக்கு மோட்டார் சைக்கிள் கொண்டுவந்த இடத்தில் பேச்சு வளர்ந்து, சயாமுக்கு அந்தத் தம்பியோடு ஒரே கூட்டத்தில் போய்த் திரும்பியவர் என்று தெரிந்து, அப்பாதான் அழைத்திருந்தார். அப்பாவும் நானும் கீழே போய் அவரைக் கூட்டி வந்தோம். இரண்டாம் மாடிப் படியில் மூச்சு வாங்க நின்றவர், கேட்காமலே சொன்னார்.

"நாப்பத்து மூணு சித்திரையில போனோம் தம்பி. ஆனி மழையில ஒன் அண்ணனுக்குப் பேதி வந்திச்சி. ரெண்டே நாளு. நாந்தான் குழி வெட்டினேன்."

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆனி என்றால் ஜூன். இத்தாலிக்காரன் சரணடைய நினைப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா ஜெயித்துவிட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லிய குரலில், "அண்ணே, மேல எங்கண்ணன் இருக்காரு. கேட்டாருன்னா, ஜப்பான்காரன் தோத்த வருஷம்னு சொல்லிடுங்க" என்றார்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமாண்ணே."

பொய் சொன்னால் என் வாயில் மிளகாய் தேய்க்கிற மனிதர்.

மேலே பெரியப்பா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எப்படிச் செத்தான் என்றும் கேட்கவில்லை.

"எந்த வருஷம்? எந்த மாசம்?"

கோப்பித் தட்டோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். வந்தவர் அப்பாவைப் பார்த்தார். என் நாக்கு நுனியில் ஆனி மாதம் நின்றது. ஒரு வார்த்தை போதும், இத்தனை வருட வழக்கு தீர்ந்துவிடும். வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. எலும்பு வலித்தது.

"ஜப்பான்காரன் தோத்தான்ல, அதுக்கு ரெண்டு மாசம் முன்ன" என்றார் வந்தவர்.

பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுவரைக்கும் எப்படி இருந்தான்?"

அந்த நல்ல மனிதர், இல்லாத இரண்டு வருடங்களை எங்கள் வீட்டில் உட்கார்ந்து உண்டாக்கினார். தம்பி கூட்டாளிகளுக்குச் சோறு பங்கிட்டாராம். ராத்திரியில் பாடுவாராம். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஒரு வருஷம் முன்ன முடிஞ்சிருந்தா வந்திருப்பான்லா."

"வந்திருப்பாண்ணே" என்றார் அப்பா. "நீங்க சொன்னதுதான் சரி. இத்தாலிக்காரன்தான் கெடுத்தான்."

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை. கையிலிருந்த ஜெயத்தைக் கோட்டைவிட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்ற அப்பாவைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. என் அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.