நிலத்தில் இருந்த நாலு பேர்

போன வாரம் எங்கள் ஒஃபிஸில் ஒரு விளையாட்டு வைத்தார்கள்.

ஆளுக்கொரு பள்ளிக்கூடக் காலத்துப் படம் கொண்டுவர வேண்டும். அதைச் சாப்பாட்டு அறைப் பலகையில் குத்தி வைப்பார்கள். எந்தப் படத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். கூடுதலாகச் சரி சொல்பவருக்கு இரண்டு பேருக்கான டின்னர். வேலை நேரத்தில் வேலை செய்யாமல் இருப்பதற்கு வெள்ளைக்காரர் கண்டுபிடிக்காத வழியே இல்லை!

எல்சியின் படத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் ஒஃபிஸில் கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான். படத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் கறுப்பு. ரீச்சரும் கறுப்பு.

மனேஜர் டக் குனிந்து பார்த்தார்.

"அருமையான படம் எல்சி. இது அமெரிக்காவில் எந்தப் பக்கம்?"

"இதே ஒன்ராறியோ மாகாணம்," என்றார் எல்சி. "இங்கிருந்து காரில் மூன்று மணித்தியாலம். எங்கள் ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம்."

டக் நிமிர்ந்து, இன்னொரு முறை படத்தைப் பார்த்தார்.

டக் நல்ல மனுஷன். அங்கே நிறவெறி ஆட்சி நடக்கிறது என்று தென்னாபிரிக்க வைனைக் கையாலும் தொடமாட்டார்... கொள்கை! ஆனால் கனடாக்காரருக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. தெற்கே அமெரிக்கா. எந்த அசிங்கத்தையும் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். எல்சியின் குடும்பம் ஐந்து தலைமுறையாக இங்கே இருக்கிறது. டக்கின் தகப்பன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து இறங்கியது போன உலக யுத்தத்துக்குப் பிறகு. ஆனால் 'எந்தப் பக்கம்' என்று கேட்பவர் டக்.

"தங்கள் ஆட்களோடு இருப்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு வசதியாக இருந்திருக்கும், இல்லையா?" என்றார் அவர். பிறகு தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கிழமை ஹெட் ஒஃபிஸ் ஆட்கள் வருகிறார்கள். வேறு படம் இருந்தால்... கொஞ்சம் சந்தோஷமான படமாக..."

"இதில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறோம், டக்?"

எல்சியின் குரல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் பலகையில் படத்தின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அப்போது கதிரையைப் பின்னே தள்ளிவிட்டு எழும்பினார் சிவபாதம் அண்ணை. எங்கள் அக்கவுண்ட்ஸ் பகுதியில் மூத்தவர். அஜின்கோர்ட்டிலிருந்து அவருடைய காரில்தான் நானும் வேலைக்குப் போய்வருகிறேன். எண்பத்து மூன்றில் கொழும்பில் அவருடைய வீட்டை எரித்தார்கள். தமிழனாகப் பிறந்ததைத் தவிர அவர் வேறு குற்றம் செய்யவில்லை. இந்த விஷயத்தில் அவர் வாயைத் திறந்தால் யாரும் குறுக்கே பேச முடியாது.

"வசதி என்று சொல்ல வேண்டாம், மிஸ்டர் டக். அந்தப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா? நடந்ததைப் பார்க்க ஒரு நாடு வெட்கப்பட்டால், அது திரும்பவும் நடக்கும். எல்சியின் படத்தை எடுத்தால் என் படத்தையும் எடுத்துவிடுங்கள்."

எனக்குப் புல்லரித்தது. கை தட்டலாமா என்றுகூட யோசித்தேன். மனேஜர் எதிரே நின்றதால் யோசனையோடு நிறுத்திக்கொண்டேன்.

டக் சிவந்துபோனார். "சரி சரி... இருக்கட்டும்," என்று கோப்பி ஊற்றப் போய்விட்டார்.

எல்சி, அண்ணையின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். "உங்கள் படம் எது?" என்றும் கேட்டார். அண்ணைக்கு வாயெல்லாம் பல். யாழ்ப்பாணத்தில் தமக்கை வீட்டில் இருந்ததால் தீக்குத் தப்பிய படம் அது. பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வகுப்பு நடக்கும்போதே எடுத்தாராம். வாங்கில், அதாவது பெஞ்சில், வரிசையாகப் பையன்கள்.

"இவன் லண்டனில் டொக்டர். இவன் சிட்னியில் எஞ்சினியர். இவன் கணக்கெல்லாம் என்னைப் பார்த்துத்தான் எழுதுவான்... இப்போது வங்கி மனேஜர்!"

"இந்த நாலு பேரும் ஏன் தரையில்?" என்றார் எல்சி.

நானும் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் நாலு பையன்கள் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வாங்கில் தாராளமாக இடம் இருந்தது.

அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது அந்தக் காலம்... அவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு அப்படி இருப்பதுதான் வசதி."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது. டக்குக்கும் கேட்டது. கோப்பிக் கோப்பையோடு திரும்பிய அவர் முகத்தில் இருந்த சந்தோஷம்... போனஸ் நாளில்கூட அப்படி நான் கண்டதில்லை.

எல்சி சிரிக்கவில்லை. நாலு பேரில் ஒருவன்மேல் விரலை வைத்தார். "இவன் பெயர் என்ன?"

அண்ணைக்குத் தெரியவில்லை. மற்ற மூன்று பேருடையதும் தெரியவில்லை.

"வெள்ளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் எங்களுக்குத் தெரியும்," என்றார் எல்சி. "அவர்களுக்குத்தான் எங்களுடையது தெரியாது."

இந்த இடத்தில் என் வாசகர்கள் சிலர் பேனாவைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். 'உந்தப் பழசையெல்லாம் ஏன் இப்ப கிளறுறீர்?' என்று கடிதம் வரும். வரட்டும், முத்திரைச் செலவு உங்களுடையது. டக்குக்குத் தெற்கே அமெரிக்கா என்றால் எங்களுக்கு வடக்கே இந்தியா. சாதியா? சேச்சே... அது இந்தியாவில்! எங்களிடம் இருந்ததெல்லாம் அவரவர் வசதி.

அன்று பின்னேரம் அண்ணையின் காரில் ஸ்டீல்ஸ் வீதியால் வீடு திரும்பினோம். அவர் சிக்னலைக்கூடத் திட்டவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

அடுத்த நாள் காரில் ஏறியதும் சொன்னார்: "லண்டனுக்கு ஃபோன் அடிச்சுக் கேட்டன் ஐசே. அவனுக்குத் தெரியாதாம். சிட்னிக்காரன், உமக்கு வேற வேலையில்லையோ எண்டு ஏசிறான். வங்கி மனேஜருக்கு ஹெட்மாஸ்டர்ர மாட்டின்ர பேர் ஞாபகம் இருக்கு. லட்சுமியாம்!"

"அந்த நாலு பேரும்?"

"ஒருத்தன்ர பேரும் ஒருத்தருக்கும் தெரியேல்லை."

வெள்ளிக்கிழமை ஹெட் ஒஃபிஸ் ஆட்கள் வந்தார்கள். எல்சியின் படத்தை டக்கே முன்னின்று காட்டினார். பழையதை மறைக்காதது கனடாவின் துணிச்சலாம்! அண்ணை தன் படத்தைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. டின்னர் எல்சிக்குப் போனது. படங்களை ஒழுங்காகப் பார்த்தவர் அவர்தானே?

வீடு திரும்பும்போது அண்ணை கேட்டார்: "நீர் ஏன் உம்மட படத்தைக் கொண்டு வரேல்லை?"

"தேடினா இருக்கும் அண்ணை. எங்கட வகுப்பில எல்லாரும் வாங்கிலதான். நிலத்தில ஒருத்தரும் இல்லை."

அண்ணையின் முகம் மலர்ந்தது. "பாத்தீரே! உம்மட காலத்தில எல்லாம் மாறீட்டுது."

"ஓமண்ணை," என்றேன். "அந்தப் பிள்ளையளுக்குத் தனியாப் பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்திட்டினம்."